விடியக்காலை ஆர்டருக்கு ஒரு நாள் கூட்டு

கல்யாணத்துக்கு முந்தின நாளே பாத்திரம் வந்து இறங்கினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அன்று சாயங்காலமே அதைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போனால்தான் கோபித்துக்கொள்வார்கள். தை மாதத்தில் மூன்று கல்யாணங்களில் இப்படி நடந்தது. மூன்றாவது கல்யாணத்தில் பெண்ணின் அப்பா லோடுமேன் ஜவஹரின் சட்டையைப் பிடித்தார். ஜவஹர் கையிலிருந்த சீட்டைக் காட்டினான். சீட்டில் தேதி தெளிவாக இருந்தது. தப்பாகவும் இருந்தது.

சீட்டை அச்சடித்தது மயிலாப்பூர் பஜார் ரோட்டில் இருக்கும் அன்வர் பாத்திர வாடகை நிலையத்தின் கம்ப்யூட்டர். அதற்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் மெஹபூப் பாஷா. வயது நாற்பத்தொன்பது. பதினாறு வயதிலிருந்து தேக்சா தூக்கியவர். ஐம்பது கிலோ அரிசி வேகிற தேக்சா, வெறும் பாத்திரமே நாற்பது கிலோ இருக்கும். அதைச் சும்மாடு வைத்து மாடி மாடியாக ஏற்றி இறக்கியதில் போன வருஷம் குடல் இறங்கிவிட்டது. ஆபரேஷன் செய்த டாக்டர், இனிமேல் ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்றார். பாத்திரக் கடையில் ஐந்து கிலோவுக்குக் கீழே இருப்பது கரண்டிகள் மட்டும். முதலாளி அன்வர் பாஷா இரக்கப்பட்டுக் கம்ப்யூட்டர் நாற்காலியைக் கொடுத்தார்.

அந்த நாற்காலிதான் இப்போது ஆடிக்கொண்டிருந்தது.

"இதோ பார் மெஹபூப்," என்றார் அன்வர் பாஷா. "ஆவணி மொத முகூர்த்தத்துக்கு அஞ்சு கல்யாணம் புக் ஆயிருக்கு. அன்னிக்கி ஒரு தேக்சா தப்பா போச்சுன்னா, இந்தக் கம்ப்யூட்டர காயலான் கடைக்குப் போட்டுடுவேன். நீ மறுபடி லோடு ஏத்தப் போவ வேண்டியதுதான்."

"நா தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிக்கிறாரே நைனா."

"கல்யாண வூட்டுக்காரங்க கையில அடி வாங்கக் கூடாதுன்னு என் டாக்டரும் சொல்லிக்கிறாரு."

மெஹபூப் அக்கா மகள் மஹ்விஷுக்கு போன் போட்டார். கடைக்கு அந்தப் புக்கிங் சாப்ட்வேரை எழுதிக் கொடுத்தவள் அவள்தான். எழுதிக் கொடுத்த கையோடு ஜெர்மனியில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். அங்கிருந்தபடியே கடைக் கம்ப்யூட்டருக்குள் புகுந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"மாமூ, சாப்ட்வேர் ஒழுங்காத்தான் இருக்கு. அத வெச்சிருக்கிற பெட்டிதான் கோளாறு."

"இன்னா பெட்டி?"

"பெட்டகம்னு ஒரு டூல். சாப்ட்வேர அதுக்கு வேண்டிய சாமானோட சேத்து உள்ள வெச்சு மூடிடும். தம் போட்ட தேக்சா மாதிரின்னு வெச்சுக்கோங்க. எந்த அடுப்புல தூக்கி வெச்சாலும் உள்ள இருக்கிறது மாறாது. இலவசம். ஊர் உலகமே சேந்து எழுதுறது."

"ஊர் உலகமே சேந்து ஒரு தேதிய தப்பா எழுதிச்சா?"

"உள்ள இருக்கிறவனுக்கு வெளிய மணி என்னன்னு தெரியல மாமூ. பொங்கலப்ப ஒரு அப்டேட் வந்துச்சு. அதுலேருந்து உள்ள கிரீன்விச் மணி ஓடுது. நமக்கு அஞ்சரை மணி நேரம் பின்னாடி. விடியக்காலை நாலு மணிக்குப் பாத்திரம் கேட்டா, உள்ள அது முந்தின நாள் ராத்திரி பத்தரை. நம்ம சீட்டுல தேதி மட்டுந்தான் அச்சாகும்."

மெஹபூப் யோசித்தார். "அதான் மத்தியான நிக்காஹ்வுக்கெல்லாம் ஒழுங்கா போவுது. நாலரை ஆறு முகூர்த்தக்காரங்க மட்டும் வந்து ஒதைக்கிறாங்க."

மஹ்விஷ் ஒரே ஒரு வரி எழுதினாள். வெளியே ஓடும் மணியை உள்ளே சொல்கிற வரி. சீட்டில் தேதி சரியாக வந்தது. மெஹபூப் டீ சொல்லி ஜவஹருக்கும் வாங்கிக் கொடுத்தார். அது வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை பெட்டகத்துக்கு அப்டேட் வந்தது. எல்லா ஞாயிற்றுக்கிழமையும் வரும். பெயர் ‘தொடர் மேம்பாடு’. அந்த வாரத்து மேம்பாட்டில் பெட்டகத்தின் சின்னமான ஆமை இடப்பக்கம் பார்ப்பதை விட்டு வலப்பக்கம் பார்த்தது. மஹ்விஷ் எழுதிய வரி போய்விட்டது.

"அப்டேட்ட நிறுத்த முடியாதா?"

"நிறுத்தலாம். நிறுத்துனா பெட்டி திறக்காது. அதுவும் போன மாச மேம்பாடு. இந்த வரிய பெட்டகம் நடத்துற அறக்கட்டளையே ஏத்துக்கிட்டு உள்ள சேத்தாத்தான் நிக்கும். எங்க கம்பெனி ஒப்பந்தப்படி நான் வெளிய ஒரு வரி கூட எழுதக் கூடாது. நீங்களே அனுப்புங்க மாமூ. அடையாறுலதான் அவங்க ஆபீஸ். யார் வேணா அனுப்பலாம், அதான் அவங்க கொள்கையே."

இதற்கிடையில் ஜவஹர் தன் பங்குக்கு ஒரு காரியம் செய்தான். சாக்பீஸ் எடுத்துக் குடோன் சுவரில் பெரிய எழுத்தில், ‘விடியக்காலை ஆர்டர்னா ஒரு நாள் கூட்டு’ என்று எழுதினான். சீட்டில் வியாழன் என்றிருந்தால் லோடுமேன்கள் சுவரைப் பார்த்து வெள்ளி என்று எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மீதிப் பாதி, கம்ப்யூட்டர் வெள்ளிக்கிழமை அந்தத் தேக்சா சும்மா இருப்பதாக நினைத்து அதையே இன்னொருவருக்கும் புக் செய்துவிடும். சாதாரண நாளில் குடோனில் உபரி இருக்கும், சமாளிக்கலாம். ஐந்து கல்யாணம் உள்ள நாளில் முடியாது. சுவர் தேதியை மாற்றும். தேக்சாவைப் பெற்றுப்போடாது.

ஆகவே மெஹபூப் பெட்டகம் அறக்கட்டளைக்கு முறைப்படி புகார் எழுதினார்.

புகார்ப் படிவத்தில் இருபத்தேழு கேள்விகள் இருந்தன. ‘நீங்கள் எதிர்பார்த்தது என்ன?’ என்ற இடத்தில், பாத்திரம் கல்யாணத்தன்றைக்கு இருக்கணும் என்று எழுதினார். ‘நடந்தது என்ன?’ என்ற இடத்தில், நேத்தே வந்துட்டுப் போயிடுச்சு என்று எழுதினார். ‘பிழையை மறுபடி உண்டாக்கும் வழிமுறையைப் படிப்படியாகத் தருக’ என்ற கேள்விக்கு அரை நாள் யோசித்தார். பிறகு, ஒன்று, பொண்ணு பாக்கவும். இரண்டு, நிச்சயம் பண்ணவும். மூன்று, நாலரை ஆறு முகூர்த்தம் குறிக்கவும். நான்கு, எங்க கடையில பாத்திரம் சொல்லவும். ஐந்து, முந்தின நாள் சாயங்காலம் மண்டபத்துல போய்ப் பாக்கவும், என்று ஒழுங்காக எழுதி அனுப்பினார்.

பதினோராம் நாள் ஒரு தன்னார்வலரிடமிருந்து பதில் வந்தது. ‘நீங்கள் சொன்னபடி முயன்றேன். இரண்டு வருடமாக முதல் படியிலேயே நிற்கிறது. வேறு வழிமுறை உண்டா?’

பதினாலாம் நாள் ஆமை பதில் போட்டது. ஆமை என்பது அறக்கட்டளையின் தானியங்கி. புகாரில் பதினாலு நாள் அசைவில்லை என்றால், ‘உங்கள் ஆர்வத்துக்கு நன்றி’ என்று சொல்லிப் புகாரை மூடிவிடும். பெட்டகத்திலேயே ஒரு நாள்கூடத் தேதி தப்பாத பகுதி அதுதான். மெஹபூப் மறுபடி இருபத்தேழு கேள்விக்கும் பதில் எழுதினார். அப்புறம் காலண்டரில் பதிமூன்று நாளுக்கு ஒரு முறை வட்டம் போட்டு வைத்துக்கொண்டு, அன்றன்றைக்கு ‘இன்னும் அப்படியேதான் கீது’ என்று ஒரு வரி போட்டார். பங்குனியில் மூன்று, சித்திரையில் இரண்டு.

சித்திரைக் கடைசியில் மஹ்விஷ் சொல்லச் சொல்ல, அந்த ஒரு வரியைத் திருத்தமாகவே அனுப்பிவைத்தார். திருத்தத்துக்கு ஒரு தலைப்பு வேண்டும். ஐம்பது எழுத்துக்குள் இருக்க வேண்டும், கட்டளை வடிவில் இருக்க வேண்டும், தமிழில் எழுதினால் பெரிதும் வரவேற்கப்படும் என்று விதி சொன்னது. ‘மணியைச் சரியாகக் காட்டு’ என்று எழுதினார். நீளம் அதிகம் என்று திரும்பி வந்தது. மெஷின் தமிழ் எழுத்து ஒவ்வொன்றையும் மூன்றாக எண்ணியதாம். ‘மணி காட்டு’ என்று சுருக்கினார். போயிற்று.

அடுத்தது ஒப்பந்தம். திருத்தம் அனுப்புகிறவர் ஓர் இடத்தில் வேலை பார்க்கிறவராக இருந்தால், அவருடைய அறிவுச் சொத்தில் தனக்கு உரிமை இல்லை என்று முதலாளி கையெழுத்துப் போட வேண்டும். மெஹபூப் தாளை அன்வர் பாஷாவிடம் நீட்டினார்.

"இது இன்னா?"

"என் அறிவுல உனக்குப் பங்கு இல்லன்னு எழுதித் தரணுமாம்."

அன்வர் பாஷா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுசாகப் படித்தார். "முப்பத்திமூணு வருஷமா என்கிட்ட கீற. அப்டி ஒண்ணு இருந்து நான் எடுத்துக்கிட்டேனா? அல்லாவுக்குப் பொதுவா சொல்லு."

"இல்ல நைனா."

"அப்ப போடறேன்," என்று கையெழுத்துப் போட்டார்.

பிறகு சோதனை. ஆயிரத்து நூறு சோதனைகளை மெஷினே ஓட்டிப் பார்க்கும். மூன்று மணி நேரம் ஓடி, கடைசியில் சிவப்பு விளக்குக் காட்டியது. ஸ்பானிஷ் மொழிக் கையேட்டில் ஒரு சொல் பிழையாக இருந்ததாம். அதற்கும் மெஹபூப்புக்கும் சம்பந்தமில்லை என்பதை மெஷினே ஒத்துக்கொண்டது. ஆனாலும் சிவப்பு சிவப்புதான். யாரோ ஒருவர் ஒன்றரை மாதம் கழித்து அந்தச் சொல்லைத் திருத்தினார். பச்சை வந்தது. பச்சை வந்ததால் திருத்தம் கமிட்டிக்குப் போனது. கமிட்டி அடையாறில், புதன்கிழமை பதினோரு மணிக்கு, திறந்த கூட்டமாகக் கூடும். யார் வேண்டுமானாலும் வரலாம்.

மெஹபூப் போனார். சாஸ்திரி நகரில் ஒரு மாடி. கதவில் கைரேகை வைத்தால்தான் திறக்கும். திறந்த கூட்டத்துக்கு வந்திருப்பதாக வாட்ச்மேனிடம் சொன்னார். வாட்ச்மேன், "அப்டி யாரும் வந்ததில்லயே" என்று சந்தேகத்தோடு திறந்துவிட்டார்.

உள்ளே நாற்காலியே இல்லை. தரையில் மூட்டை மூட்டையாக மெத்தைகள் கிடந்தன. அதில் எட்டுப் பேர் புதைந்திருந்தார்கள். குடல் ஆபரேஷன் ஆனவர் அதில் உட்கார்ந்தால் இருவர் சேர்ந்துதான் தூக்க வேண்டும். மெஹபூப் நின்றார்.

தலைவர் லாய்டுக்கு நாற்பது வயது, ஆமை போட்ட டீ-ஷர்ட். நெறிமுறைப் பொறுப்பாளர் சண்முகவடிவு அம்மாவுக்கு ஐம்பத்தைந்து இருக்கும், காட்டன் புடவை, மடியில் நிகழ்ச்சிக் குறிப்பு.

"முதல்ல ஒண்ணு முடிவு பண்ணணும்," என்றார் சண்முகவடிவு. "இது பிழையா, மேம்பாடா?"

"தேதி தப்பா வருதும்மா," என்றார் மெஹபூப்.

"அது உங்க அனுபவம் சார், மதிக்கிறோம். பிழைன்னா பிழைக் கமிட்டிக்குப் போகணும். போன வருஷமே பிழையே இல்லங்கிற இலக்க எட்டிட்டதால அந்தக் கமிட்டியக் கலைச்சிட்டோம். மேம்பாடுன்னா வடிவமைப்பு அறிக்கை வேணும். குறைஞ்சது பன்னெண்டு பக்கம்."

"ஒரே வரிதானேம்மா."

"அதான் சார் சிக்கலே. ஆயிரம் வரி அனுப்பிச்சிருந்தீங்கன்னா யாரும் படிச்சிருக்க மாட்டோம், நல்லாருக்குன்னு போட்டு உள்ள சேத்திருப்போம். ஒரு வரின்னா எல்லாரும் படிச்சிடறோம். படிச்சா எல்லாருக்கும் ஒரு கருத்து வந்துடுது."

கருத்துகள் வந்தன. ‘வெளி மணி’ என்பதை ‘புற மணி’ என்று சொல்லலாமா என்று முக்கால் மணி நேரம் பேசினார்கள். உள்ளே ஒரு மணி, வெளியே ஒரு மணி என்று பிரிப்பதே ஆதிக்க மனப்பான்மை என்றார் ஒருவர். மெஹபூப் காலை மாற்றி மாற்றி நின்றார். இதற்குள் மயிலாப்பூரில் ஒரு குட்டியானை வண்டி நிறைய லோடு ஏற்றியிருக்கலாம்.

கடைசியில் லாய்டு கண்ணை மூடித் திறந்து பேசினார்.

"மெஹபூப் சார், உங்கள மாதிரி ஆளுங்க வரணும்னுதான் இந்தக் கதவத் திறந்தே வெச்சிருக்கோம். எத்தனை பேர் வந்தாங்கன்னு எண்ணுறோம். எந்தெந்தப் பின்னணியிலேருந்து வந்தாங்கன்னு எண்ணுறோம். வந்த வேலை முடிஞ்சுதாங்கிறத எண்ணுறதில்ல, அது எங்க அளவுகோல்ல இல்ல. நாங்க இத இலவசமா குடுக்கிறோம். இலவசமா குடுக்கிறத ஒருத்தர் உண்மையாவே உபயோகப்படுத்துவார்னு நாங்க எப்படி எதிர்பார்க்க முடியும்? உலகம் பூரா நாப்பது லட்சம் கம்ப்யூட்டர்ல ஓடுது, யாரும் தேதியப் பத்திப் பேசல. நீங்க மட்டுந்தான் தேதியப் பாக்கிறீங்க. அந்தக் கூர்மைய நான் பாராட்டுறேன்."

கை தட்டினார்கள். சண்முகவடிவு தீர்மானத்தை எழுதினார். ‘பெட்டகம் காட்டும் தேதி பிழையல்ல. அது வடிவமைப்பு. எதிர்பார்த்த நடத்தை.’ திருத்தம் நிலுவையில் வைக்கப்பட்டது. மெஹபூப்பை நடுவில் நிற்க வைத்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ‘நான் ஒரு பங்களிப்பாளர்’ என்று அச்சடித்த ஆமை ஸ்டிக்கர் ஆறு கொடுத்தார்கள்.

"இன்னா பாய், வேலை ஆச்சா?" என்றான் ஜவஹர்.

"ஸ்டிக்கர் குடுத்தாங்க."

ஜவஹர் அதில் ஒன்றை வாங்கிப் பெரிய தேக்சாவில் ஒட்டினான். மண்டபத்தில் மற்றக் கடைப் பாத்திரங்களோடு கலந்துவிடாமல் அடையாளம் தெரிந்தது. மூன்று கல்யாணம் ஆகியும், விறகு நெருப்பில் ஏறி இறங்கியும், புளி போட்டுத் தேய்த்தும் அது போகவில்லை. அந்த அறக்கட்டளை தயாரித்ததிலேயே அப்டேட் தேவைப்படாத பொருள் அது ஒன்றுதான். இரண்டே நாளில் மற்ற நாலும் தேக்சாவுக்குப் போயின. ஒன்றை மட்டும் மெஹபூப் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஆடி பிறந்தது. ஆடியில் கல்யாணம் கிடையாது, மண்டபங்கள் பாதி வாடகைக்கு வரும். அதனால்தானோ என்னவோ, பெட்டகம் அறக்கட்டளை தன் புதிய பதிப்பு வெளியீட்டு விழாவை ஆடி மாதம் தி.நகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தது. அமெரிக்காக்காரர்கள் அவர்கள் ஊர் சாயங்காலத்தில் திரையில் பார்க்க வேண்டும் என்பதால், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு விழா. முன்னூறு பேர், காலை வெண்பொங்கல், நாற்காலி, பாத்திரம். தங்கள் டூலில் ஓடுகிற கடை என்று பெருமையாகத் தேடிப் பிடித்து, மயிலாப்பூர் அன்வர் பாத்திர வாடகை நிலையத்தில் புக் செய்தார்கள். நாலு மணிக்குச் சாமான் வந்துவிட வேண்டும்.

சீட்டில் சனிக்கிழமை என்று வந்தது.

மெஹபூப் நல்ல மனசோடுதான் போன் செய்தார். "அம்மா, உங்க விழா ஞாயித்துக்கிழமை. சீட்டுல சனின்னு கீது. நான் ஞாயிறுன்னே வெச்சுக்கிறேன்."

எதிர்முனையில் சண்முகவடிவு குறிப்பைப் புரட்டும் சத்தம் கேட்டது. "நீங்களா மாத்த வேணாம் சார்."

"தப்பா போயிடுமேம்மா."

"அது பிழை இல்லன்னு தீர்மானம் போட்டிருக்கோம். எங்க விழாவுக்கே நீங்க வேற தேதிய எடுத்துக்கிட்டா, நாங்களே பிழைன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். குறிப்புல ஏறிடும்."

"அப்ப சனிக்கிழமையே எறக்கிடவா?"

"பெட்டகம் என்ன தேதி காட்டுதோ அதான் அதிகாரப்பூர்வமான தேதி."

"சனிக்கிழமை சாயங்காலம் திரும்ப எடுத்துக்கினு போயிடுவோமே."

"உங்க நடைமுறையில நாங்க தலையிட மாட்டோம் சார்."

மெஹபூப் எழுத்தில் கேட்டார். அரை மணியில் மெயில் வந்தது. அவர் அதை அச்சடித்து நாலாக மடித்து வைத்துக்கொண்டார். சனிக்கிழமை காலை முன்னூறு நாற்காலி, ஆறு தேக்சா, அண்டா, கரண்டி எல்லாம் மண்டபத்தில் இறங்கின. மண்டப வாட்ச்மேன் கையெழுத்துப் போட்டார். சாயங்காலம் எல்லாம் ஏறின. வாட்ச்மேன் மறுபடி கையெழுத்துப் போட்டார். காரணம் கேட்கவில்லை. ஆடி மாதத்தில் அவர் எதையும் கேட்பதில்லை.

ஞாயிறு விடியற்காலை நாலே முக்காலுக்கு மெஹபூப்பின் போன் அடித்தது. அவர் அப்போது மண்டபத்துக்கு இரண்டு தெரு தள்ளி, டீக்கடை வாசலில், லோடு ஏற்றிய குட்டியானைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். லோடு எப்படி வந்தது என்றால், ஜவஹர் சனிக்கிழமை வேலையைச் சீட்டின்படி செய்தான். பிறகு சுவரைப் பார்த்தான். சுவர் ஒரு நாள் கூட்டச் சொன்னது. கூட்டி, ஞாயிற்றுக்கிழமைக்கும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். சீட்டையும் மீறவில்லை, சுவரையும் மீறவில்லை.

"மெஹபூப் சார்," லாய்டின் குரலில் ஆமைத்தனம் எதுவும் இல்லை. "இங்க ஒண்ணுமே இல்ல. முன்னூறு பேர் நிக்கிறாங்க. சமையல்காரர் அரிசிய வெச்சிக்கிட்டு எதுல போடறதுன்னு கேக்கிறார். இன்னும் கால் மணில லைவ்."

"நீங்க எதிர்பார்த்தது இன்னா சார்?"

"என்ன?"

"படிவத்துல மொத கேள்வி அதான். நடந்தது இன்னாங்கிறது ரெண்டாவது."

"சார், ப்ளீஸ். வண்டி அனுப்புங்க."

"வண்டி முனையிலதான் நிக்குது சார், பொங்கலுக்கு வேண்டியதெல்லாம் உள்ள கீது. ஆனா சீட்டு இல்லாம மண்டபத்துக்குள்ள எறக்கக் கூடாது, அது எங்க கடை நெறிமுறை. சீட்டுல நேத்து தேதி கீது. நேத்து எறக்கிட்டோம். சண்முகவடிவு அம்மா லெட்டரும் கையில கீது, படிக்கட்டா?"

லாய்டு பக்கத்தில் யாரிடமோ பேசுவது கேட்டது. "வடிவு மேடம், அந்த மணி விஷயம்." "அது நிலுவையில இருக்கு லாய்டு, பன்னெண்டு பக்க அறிக்கை இன்னும் வரல." "மேடம், அமெரிக்கா பாத்துக்கிட்டிருக்கு." "ஒப்புதலுக்கு ரெண்டு கையெழுத்து வேணும்." "ரெண்டாவது நீங்க போடுங்க மேடம்."

ஆறு மாதமாக நின்ற ஒரு வரி நாலு நிமிஷத்தில் உள்ளே சேர்ந்தது. சோதனை ஓட்டவில்லை. ‘புற மணி’ பற்றி யாரும் பேசவில்லை. ஐந்து மணிக்குப் புதிய பதிப்பு வெளியானது, அது நாற்பது லட்சம் கம்ப்யூட்டருக்கும் போனபோது பஜார் ரோட்டுக் கம்ப்யூட்டருக்கும் போனது. கடையில் உட்கார்ந்திருந்த அன்வர் பாஷா, போனில் மெஹபூப் சொன்ன பொத்தானை அமுக்கிச் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினார். ஞாயிறு என்று இருந்தது.

"உள்ள வுடு," என்றார் மெஹபூப். ஜவஹர் வண்டியை எடுத்தான்.

நாற்காலி இறங்கிக்கொண்டிருக்கும்போதே லாய்டு மேடையில் பேச ஆரம்பித்துவிட்டார். "நண்பர்களே, இன்னைக்கி எல்லாரும் நின்னுக்கிட்டே தொடங்குறோம். இது திட்டமிட்டது. நிற்கிறவங்கதான் சீக்கிரம் நகர முடியும்." கைத்தட்டல் எழுந்தது. புதிய பதிப்பில் நானூற்றுப் பன்னிரண்டு மேம்பாடுகள் என்று திரையில் ஓடியது. முதலாவது, ஆமை இனிமேல் புன்னகைக்கும். நானூற்று ஒன்பதாவது, காலம் குறித்த பார்வையில் சிறு செம்மை. மெஹபூப் அந்த ஒரு வரி மேலே ஏறி மறைவது வரை நின்று பார்த்தார். பிறகு பொங்கல் சாப்பிட்டார். நெய் நன்றாக ஊற்றியிருந்தார்கள்.

அதற்கப்புறம் சீட்டுகள் சரியாக வந்தன. ஆவணி முதல் முகூர்த்தம் வெள்ளிக்கிழமை விழுந்தது. ஐந்து கல்யாணம், ஐந்துமே விடியற்காலை, பத்தொன்பது தேக்சா. கம்ப்யூட்டர் பத்தொன்பதையும் ஒரே தேதியில் வரிசையாகக் காட்டியது. ஒன்றுகூட இரண்டு பேருக்குப் போகவில்லை. மெஹபூப் வியாழக்கிழமை மத்தியானம் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கிவிட்டு ஐந்து மணிக்குக் கடைக்கு வந்தார்.

வண்டிகள் காலியாக நின்றன. ஜவஹரும் மூன்று லோடுமேன்களும் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"ஏத்தலியா?"

"நாளைக்கித்தானே ஏத்தணும்," என்றான் ஜவஹர், காயைக் குறி பார்த்தபடி. "சீட்டுல வெள்ளி. விடியக்காலை ஆர்டர். ஒரு நாள் கூட்டுனா சனி."

மெஹபூப் சுவரைப் பார்த்தார். ஆறு மாதமாக அடையாறில் ஒரு வரியைச் சேர்க்க அலைந்தவருக்குத் தன் சொந்தக் குடோனில் ஒரு வரியை எடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை. ஆடியில் கல்யாணம் இல்லாததால் யாரும் சுவரைச் சோதித்தும் பார்க்கவில்லை.

"டேய், கம்ப்யூட்டர் சரியாயிடுச்சுடா."

"எங்களுக்கு யார் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. அது உண்மை. மெஹபூப் குனிந்து ஒரு தேக்சாவின் காதில் கையைக் கொடுத்தார். ஜவஹர் கேரம் போர்டை அப்படியே விட்டு எழுந்து வந்து அவர் கையைத் தட்டிவிட்டான்.

"தொட்டீன்னா கைய ஒடிச்சிடுவேன். குடலு மறுபடி எறங்குனா எவன் சீட்டு போடுவான்? போய்க் குந்து."

மெஹபூப் நாற்காலியில் குந்தினார். சீட்டைப் படித்தார். அவர்கள் நாலு பேரும் ஏற்றினார்கள். ஏழரைக்குள் பத்தொன்பதும் ஏறின. வெள்ளிக்கிழமை விடியற்காலை ஐந்து மண்டபத்திலும் போய் இறங்கின.

பகல் பன்னிரண்டு மணிக்கு அன்வர் பாஷா கடைக்கு வந்தார். போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாபா, காலைலேருந்து ஒருத்தனும் திட்டல. போன் கெட்டுப் போச்சா?"

"எல்லாம் கரெக்டா போயிடுச்சு நைனா."

அன்வர் பாஷா நம்பாமல் கம்ப்யூட்டரைப் பார்த்தார், மெஹபூப்பைப் பார்த்தார். பிறகு, "சரி, அந்த நாற்காலிக்கு ஒரு குஷன் வாங்கிக்கோ" என்று சொல்லிவிட்டுத் தொழுகைக்குப் போனார்.

மெஹபூப் ஜவஹரைக் கூப்பிட்டு சுவரைக் காட்டினார்.

ஜவஹர் இடுப்பில் கைவைத்து நின்றான். "எத்தினி பேர் கையெழுத்து ஓணும்?"

"துணிய நனை, போதும்."

"பன்னெண்டு பக்கம்?"

"துடைடா."

ஜவஹர் ஈரத்துணியால் இரண்டு இழுப்பு இழுத்தான். வரி போய்விட்டது. அந்த இடம் மட்டும் சுவரில் வெள்ளையாகத் தெரிந்தது. மெஹபூப் சட்டைப் பையிலிருந்து கடைசி ஸ்டிக்கரை எடுத்து உரித்து, ஜவஹரின் பனியனில் நெஞ்சுக்கு நேராக ஒட்டினார்.

ஜவஹர் தலையைக் குனிந்து எழுத்துக் கூட்டிப் படித்தான். "பங்களிப்பாளர். இது இருந்தா இன்னா குடுப்பாங்க?"

"ஒண்ணும் குடுக்க மாட்டாங்க."

"அப்ப தேக்சாவுக்கே இருக்கட்டும்," என்று அதை உரித்து எடுத்துக்கொண்டு குடோனுக்குள் போனான்.